வால் நீண்ட வித்தி

உதயகலா மருதனார்மடச் சந்தியில் மரக்கறி லொறிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியின் ஹோர்னை அமத்தினாள். ஒருவரும் அசையவில்லை. கேதீஸ்வரன் போனை எடுக்கிறாரில்லை. எடுக்கவும் மாட்டார், தோட்டத்தில் இறங்கிவிட்டால் அவருடைய போன், வேலியில் தொங்கும் சேட்டுப் பைக்குள் கிடக்கும்.

எல்லாம் அவள் வாய் செய்த வேலை. பங்கசு ஆய்வுகூடத்தில் ஏழு வருசம் இருந்த வாய் சும்மா கிடக்குமா? தன் வெங்காயத் தாளில் ஊதாப் புள்ளி விழுந்ததும் பக்கத்துத் தோட்டக்காரரான கேதீஸ்வரனிடம் போய்ச் சட்டம் கதைத்தாள்.

"இந்தப் பங்கசு பரப்புற வித்தி பெரிசு அண்ணை. வால் மாதிரி ஒரு பக்கம் நீண்டிருக்கிறதாலை கொஞ்சம் மெல்ல விழும், அவ்வளவுதான். கனதூரம் பறக்காது. கிட்டடியிலையிருந்துதான் வரும்."

கிட்டடியில் இருந்தது அவருடைய நாலு பரப்பு வெங்காயத் தோட்டம். அங்கேயும் வரம்போரம் புள்ளி. எல்லாவற்றையும் பிடுங்கிப் புதைக்கச் சொன்னாள். ஒரு கிழமை யோசித்துவிட்டு, படித்த பிள்ளை சொல்கிறதே என்று சம்மதித்தார்.

ஒரு ஒழுங்குக்காக, காற்றில் வரும் வித்திகள் ஒட்டட்டும் என்று வசிலின் பூசிய இரண்டு கண்ணாடித் தட்டுகளைத் தடிகளில் கட்டி, அவரிடம் சொல்லியே தன் தோட்டத்தில் நட்டிருந்தாள். ஒன்று அவருடைய தோட்டத்தைப் பார்த்தபடி, மற்றது தன் கொட்டிலைப் பார்த்தபடி. நேற்று மத்தியானமே கழற்றியாயிற்று. முடிவுதான் தெரியுமே என்ற மிதப்பில் இன்று காலைதான் பழைய ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் நுணுக்குக்காட்டியில் வைத்தாள். அவர் பக்கத்துத் தட்டில் மூன்றே மூன்று வித்திகள். கொட்டில் பக்கத்துத் தட்டில் எண்ணி முடியவில்லை. போன போகத்து வெங்காயத்தை விதைக்கென்று தாளோடு பிடிபிடியாகக் கட்டி அந்தக் கொட்டிலில் தொங்கவிட்டவளே அவள்தான். திசை மாறி மாறி வீசும் காற்று காய்ந்த தாளை உலுப்ப உலுப்ப, இரண்டு தோட்டத்துக்கும் நோய் போனது அங்கிருந்துதான்.

ஒருவாறு தோட்டத்தடிக்கு வந்ததும் ஸ்கூட்டியைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

"அண்ணை, பிடுங்காதேங்கோ! நிப்பாட்டுங்கோ!"

கேதீஸ்வரன் நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் வெறும் செம்மண். மூன்று கிழமையில் சந்தைக்குப் போகவேண்டிய வெங்காயம் பச்சைத் தாளோடு, புதைக்க வெட்டிய கிடங்கில் குவிந்து கிடந்தது.

"ஏன் பிள்ளை? இன்னும் ரண்டு பாத்திதானே கிடக்கு."

வேறு ஏதாவது சொல்லித் தப்பலாமா என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

"நோய் உங்கடை தோட்டத்திலையிருந்து வரேல்லை அண்ணை. எங்கடை கொட்டிலிலையிருந்துதான் ரண்டு பேருக்கும் வந்தது. தட்டிலை பாத்தன்."

அவர் கையிலிருந்த வெங்காயப் பிடியைக் கீழே போடவில்லை.

"தட்டை எப்ப கழட்டினனீ?"

"நேற்று மத்தியானம்."

"நான் இண்டைக்குக் காலமைதான் பிடுங்கத் தொடங்கினனான்," என்றார்.