மஞ்சள் பூசின மேப்பு

மண்ணும் மஞ்சள், ரோடும் மஞ்சள், வாய்க்கால்கூட மஞ்சள், செல்போனுக்குள் எங்கள் ஊரே மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்த வேட்டிபோல விரிந்து கிடக்கிறது, அதன்மேல் ஒரு நீலப்புள்ளி எறும்பாட்டம் அலைகிறது, அதுதான் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டு வேனாம், என் மகள் மோகனா சொல்கிறாள், இந்தக் காலத்து ஜனங்களை என்னவென்று சொல்வது, வண்டியை நிறுத்தி, ஏனுங்க இன்னாரு வீடு எங்கீங்க என்று வேலியோரம் நிற்கிறவனைக் கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா, எல்லோரும் உள்ளங்கையைப் பார்த்தே போகிறார்கள், அது கிணற்றுக்குள் திரும்பச் சொன்னாலும் திரும்புவார்கள். ராகுகாலம் தொடங்குவதற்குள் அவர்கள் வாசல் மிதித்தாக வேண்டும், இல்லையென்றால் மாப்பிள்ளையின் அப்பா வேனைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார், அப்படிப்பட்ட மனிதர், மோகனாவுக்கோ போட்டோவிலேயே அந்தப் பையனைப் பிடித்துப்போய்விட்டது, என்னிடம் சொல்லவில்லை, வாசலுக்கும் அடுப்படிக்கும் அவள் நடக்கிற நடை சொல்கிறது.

கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் மேப்புக்குக் கலர் அடிக்கிற வேலை அவளுக்கு, சுவருக்கு அடிப்பார்கள், மாட்டுக் கொம்புக்கு அடிப்பார்கள், மேப்புக்கு அடிப்பார்களா, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் அந்தக் கம்பெனியை நான் எப்படி நம்புவது, போன வாரம்தான், இல்லை, இப்போதுதான் மாதிரி இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டுகிறாள், அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்கு வழி அனுப்பறதுக்கு நானே ஒரு மேப்பு பண்ணியிருக்கேன் பாருங்க என்கிறாள், பார்த்தால் ஒரே கறுப்பு. ஏஞ்சாமி, நல்ல காரியத்துக்குக் கறுப்பா, மஞ்சளப் பூசு. எதுக்குங்கப்பா, மண்ணுக்கா ரோட்டுக்கா. எல்லாத்துக்கும் பூசு. அப்பறம் ரோடு தெரியாதுங்கப்பா. மங்களமா இருந்தாச் சரி, ரோடு எங்க எந்திரிச்சா போயிரப்போகுது. பூசினாள், பூசப்பூச எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டதுபோல நெஞ்சு குளிர்கிறது, அப்போது நாற்சந்தியில் அந்தப் பெயர் முளைக்கிறது, சென்னியப்பன் பேக்கரி.

சென்னியப்பன் என் கூடப்பிறந்த தம்பி, அவன் கடை திறந்த அன்றைக்கு ரோட்டை அடைத்து ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தான், அவன் மச்சினன் பெயர் எருமை உயரத்தில் நிற்கிறது, அண்ணன் என் பெயரைத் தேடித்தேடி அடிமூலையில் கண்டுபிடிக்கிறேன், பிளெக்ஸ் அடித்தவனின் போன் நம்பர்கூட என்னைவிடப் பெருசு, அன்றைக்கு அந்தக் கடை டீயைத் தொடாமல் வந்தவன் இன்றுவரை தொடவில்லை. அதை எடு என்கிறேன். ஒரு கடைய மட்டும் எடுக்க முடியாதுங்கப்பா, எடுத்தா ஊருல இருக்கற அத்தனை கடையும் மறஞ்சுரும். மறையட்டும். ஒரு தட்டு தட்டினாள், மருந்துக்கடை, சலூன், மாவு மில் எல்லாம் அவனோடு சேர்ந்து போயின, ஊர் மெழுகிவிட்ட சாணித்தரை மாதிரி ஆனது, அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

போன் அடிக்கிறது, மாப்பிள்ளையின் அப்பா, ஏனுங்க, உங்க ஊருல ரோடே இல்லீங்களா. இருக்குதுங்க, மஞ்சளா இருக்கும் பாருங்க. எல்லாமே மஞ்சளாத்தானுங்க இருக்குது. எங்க நிக்கறீங்க. ஒரு பேக்கரி முன்னால நிக்கறமுங்க, ஆனா போனுல பாத்தா இங்க பேக்கரியே இல்லீங்க, நாங்க நிக்கறது உங்க ஊருதானுங்களா, நேரம் வேற ஆகுது, திரும்பிரலாமுன்னு பாக்கறோம். ஊருக்கே ஒரு பேக்கரிதான், அந்தக் கடைக்காரனைக் கேளுங்கள், இவ்வளவுதான் சொல்ல வேண்டும், நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மோகனா என் முகத்தைப் பார்த்தாள், போனைப் பிடுங்கினாள், மாமா, அந்தக் கடைக்காரரு எங்க சித்தப்பாதானுங்க, அவரையே வண்டில ஏத்திக்கிட்டு வாங்க. மாமாவாம், இன்னும் நிச்சயத் தட்டே மாற்றவில்லை.

வேன் வந்தது, முன் சீட்டிலிருந்து முதலில் இறங்கியவன் சென்னியப்பன், கையில் பப்ஸும் தேங்காய் பன்னும் ஒரு பை நிறைய, என் வாசலில் நின்றுகொண்டு என் விருந்தாளிகளை வாங்கோ வாங்கோ என்கிறான். ராகுகாலத்துக்கு இன்னும் நேரமிருந்தது, பெண்ணைப் பார்த்தார்கள், கேட்டார்கள், சிரித்தார்கள், மாப்பிள்ளையின் அப்பா பன்னைப் பிய்த்தபடி சொன்னார், கடையப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்தாரு பாருங்க உங்க தம்பி, இப்பிடி ஒத்துமையான வீட்டுல தாராளமாப் பொண்ணெடுக்கலாமுங்க. ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டு மோகனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணா, மேப்புல எங்கடையையே காணமுன்னாங்க, நானே வெளிய வந்து கடை இருக்குதான்னு ஒருக்காப் பாத்துக்கிட்டேன் என்கிறான் சென்னியப்பன், என் கண்ணையே பார்த்துச் சொல்கிறான், நான் முருங்கை மரத்தைப் பார்க்கிறேன், வந்தவன் சாப்புட்டுட்டுப் போ என்று அந்த மரத்திடம் சொல்கிறேன், சரீண்ணா என்று அவன் உட்கார்ந்துவிட்டான்.

மோகனா காதருகே வந்து போனை என் கையில் கொடுத்தாள், அப்பா, கல்யாணத்துக்கு அனுப்பற மேப்புல ரோட்ட வெள்ளையாக்கிக் கடைகளையும் திருப்பிக் கொண்டாந்துரட்டுங்களா. கொண்டா, ஆனா அவன் கடை பேரு என்ன அளவு எழுத்துல வரும். எல்லாக் கடைக்கும் ஒரே அளவுதானுங்கப்பா, ஒருத்தரு பெருசு ஒருத்தரு சிறுசுன்னு கெடையாது. அப்படி ஒன்றை எந்தச் சுவரிலும் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் நான் கண்டதில்லை, எல்லோருக்கும் ஒரே அளவாம், நம்பச் சொல்கிறாள், போனை அவள் கையிலேயே திணித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடக்கிறேன்.