நெட்டையின் முழங்கை

1

இந்தக் கதை ஒரு முனகலில் பிறந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் "ஸ்ஸ்... ஆ..." என்று சத்தம்.

"யாருடா அது? என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

ஒன்றுமில்லை, கூடத் தங்கியிருப்பவன் முழங்காலில் மருந்து போடுகிறான், சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான் என்றேன்.

"சைக்கிள்ல விழ அவன் என்ன பச்சக் குழந்தையா?"

ரேஸ் ஓட்டுகிறவன் என்று சொன்னேன். அவ்வளவுதான். எங்கே விழுந்தான், எலும்பு எதுவும் உடைந்ததா, சாப்பிட்டானா என்று அம்மாவும் போனுக்குள் வந்துவிட்டாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால், எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எழுதுகிறேன் என்பதும் சும்மா பேச்சுக்குத்தான். நான் போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. அக்கா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். இதில் ஒரே ஒரு சங்கடம். என் கதாநாயகன் அடுத்த கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, நான் சொல்லும் ஒவ்வொரு வரியையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

2

முதல் தொடக்கம்: அதிகாலைப் பனியைக் கிழித்துக்கொண்டு, தன் இரும்புக் குதிரையின் மேல், காற்றையும் தோற்கடிக்கும்

"எது இரும்பு? அலுமினியம்டா," என்றது அடுத்த கட்டில்.

அதை அப்படியே விட்டுவிட்டேன். அழிக்கத் தெரியும், மனம் வரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: நெட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸை எப்படியாவது முடித்தாக வேண்டும்.

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன். நெட்டை என்றால் நெட்டைதான். எங்கள் அறைக்குள் தலை குனியாமல் அவனால் நுழைய முடியாது. இங்கே ஒரு சைக்கிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். அதன் தலைவர் ஒரு பல் டாக்டர். வாரநாளில் பல் பிடுங்குவார், வாரக்கடைசியில் பையன்களின் உயிரை எடுப்பார். கிளப்பில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று ரேஸை முடிக்காமல் பாதியில் விட்டால், கிளப் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். நெட்டை இரண்டை விட்டாயிற்று.

"போனாப் போகுது, ஒரு சட்டைதானே?" என்று அக்கா பதில் போட்டிருந்தாள்.

அக்காவுக்கு எப்படிச் சொல்வது? நாங்கள் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்களைப் பார்த்து யாரும் கையசைத்ததில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் போனால், எதிரே வரும் முன்பின் தெரியாத சைக்கிள்காரன்கூடக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறான். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் துவைக்கிற பெரிய மிஷின்களோடு வேலை செய்கிறவன், அந்த ஒரு சட்டையை மட்டும் எங்கள் குளியலறை வாளியில், கையால் துவைக்கிறான்.

("அதெல்லாம் எதுக்குடா சொல்ற?" என்கிறான். சொல்லியாகிவிட்டது.)

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கதாநாயகன் ஏன் ரேஸை முடிப்பதில்லை? காலில் பலம் இருக்கிறது. மூச்சு இருக்கிறது. படிக்கிறவர் நம்ப வேண்டுமே.

காரணம் முழங்கை.

சொல்கிறேன். ரேஸில் இவர்கள் ஒருவன் பின்னால் ஒருவனாக ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவன்தான் எதிர்காற்றை வாங்குவான், மற்றவர்கள் அவன் மறைவில் கொஞ்சம் சுகமாக வருவார்கள். அவனுக்கு அலுத்ததும் முழங்கையை லேசாக வெளிப்பக்கம் ஆட்டிவிட்டு ஒதுங்குவான். "எனக்குப் போதும், நீ முன்னால் வா" என்று அர்த்தம். உடனே அடுத்தவன் முன்னால் வரவேண்டும். நெட்டை முன்னால் போனான் என்றால் முழங்கையை ஆட்டவே மாட்டான். சாகிற வரைக்கும் இழுப்பான். பிறகு ஒரேயடியாகச் சோர்ந்து, கூட்டத்தின் பின்னால் கழன்று, நடுரோட்டில் தனியாக நிற்பான்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் நடந்தது இது. நான் அங்கே இல்லை; டாக்டர் பேசுவதை நெட்டை நடித்துக் காட்டுவான், அதை வைத்துச் சொல்கிறேன்.

"ஏம்ப்பா, கைய ஆட்டுன்னு எத்தன தடவ சொல்றது? ஒனக்கு என்ன, முழங்கையில மூட்டே இல்லையா?"

"இல்ல சார்... பின்னாடி நீங்க இருந்தீங்க."

"இருந்தா?"

"உங்கள மாதிரிப் பெரியவங்களப் பாத்து, நீ வந்து காத்து வாங்குன்னு கைய ஆட்டுனா நல்லாவா இருக்கு?"

டாக்டர் சைக்கிளை நிறுத்திவிட்டாராம். "நான் சைக்கிள் ஓட்ட வந்திருக்கேன்டா. உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரல."

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "தங்கமான புள்ள, பெரியவங்க மேல மரியாதை தெரிஞ்சவன்," என்று சொல்லியிருக்கிறாள். அக்கா போட்ட பதில் ஒரே வார்த்தை: "லூசு."

நான் அக்கா கட்சிதான். ஏனென்றால் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்கும் சலவை வேலையிலும் இவன் கதை இதேதான். ஈரப் படுக்கைவிரிப்புகள் மலைமாதிரித் தள்ளுவண்டியில் வரும். ஒருவன் அதை உருவிப் பிரித்துத் தரவேண்டும், பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விரைப்பாக இழுத்து, சுருக்கம் எடுக்கும் சூடான உருளைக்குள் விடவேண்டும். உருவுவதுதான் முதுகை ஒடிக்கிற வேலை. முறை மாற்றி மாற்றிச் செய்யலாம். நெட்டை என்னிடம் "மாத்திக்கலாமா?" என்று இதுவரை கேட்டதில்லை. அவன் கேட்காததால் நானும்

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

4

புதன்கிழமை ஒருத்தர் லீவு என்று இரண்டாவது ஷிப்டும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நெட்டைதான் சரியென்று தலையாட்டினான். பயிற்சி போச்சு. வியாழக்கிழமை மழை. ஊருக்கு வெளியே பின்சக்கரம் பஞ்சர். கையில் வைத்திருந்த மாற்று டியூபின் வால்வு, காற்றடிக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நனைந்துகொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தவன் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தான். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. திங்கட்கிழமைப் புண் ஊறி வெளுத்துப் போயிருந்தது.

இதையெல்லாம் சொல்லி அனுப்பியதும் அக்காவிடமிருந்து வந்தது: "அம்மா ராத்திரி சாப்பிடல. யாரோ பெத்த புள்ள இப்படிக் கஷ்டப்படுதேன்னு ஒரே புலம்பல். கதைதானே? அவன ஜெயிக்க வெச்சுத் தொலைடா."

கதைதானே. நானும் அப்படித்தான் நினைத்தேன். நெட்டை குளிக்கப் போன நேரம் பார்த்து, வராந்தாவில் நின்று, குரலைத் தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை ரேஸைச் சொல்லி முடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். கடைசித் திருப்பத்தில் நெட்டை சீறிக்கொண்டு வந்தான். டாக்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. எனக்கே கண் கலங்கியது.

5

அம்மாவுக்குக் கிழமைக் கணக்கெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தது நெட்டை.

"தம்பி! ஜெயிச்சுட்டியாமே! கேட்டதுலேர்ந்து எனக்குக் கால் தரையில படலப்பா!"

வாயில் நுரையோடு ஓடிவந்தேன். நெட்டை என்னைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான்.

"புண்ணு ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சும்மா."

"நல்லா இருப்பா. இனிமேலாவது அந்தக் காத்தையெல்லாம் நீ ஒருத்தனே வாங்காத. மத்தவங்களும் வாங்கட்டும்."

அம்மா போனை வைத்துவிட்டாள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன்.

"இப்ப என்ன, நீ எழுதினபடி நான் சைக்கிள் மிதிக்கணுமா?" என்றான்.

6

ஆகவே சனிக்கிழமை, எல்லா முடிவுகளையும் அவனிடமே கொடுத்துப் பார்த்தேன்.

அ) நெட்டை முழங்கையை ஆட்டுகிறான், மற்றவர்கள் முறையாக முன்னால் வருகிறார்கள், ஐந்தாவதாக வருகிறான். ("அஞ்சாவதா? யாரு நம்புவா?")

ஆ) வழக்கம்போல ஆட்டாமல் இழுத்து, பாதியில் நின்று, சட்டையைத் தானே மடித்து டாக்டரிடம் கொடுக்கிறான். (இதற்கு அவன் எழுந்துபோய் சைக்கிள் செயினைத் துடைத்தான்.)

இ) புயல், மழை, ரேஸ் ரத்து. ("கோழை." இது என்னைப் பார்த்துச் சொன்னது.)

"சரி, உனக்கு எதுதான் வேணும்? நீயே சொல்லு."

"ஜெயிக்கல்லாம் வேணாம். கடைசியா வந்தாலும், வந்து சேர்ந்தான்னு இருந்தாப் போதும்." செயினை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான். "ஆனா நீ முன்னாடியே சொல்லாத. நீ வாயத் திறந்தாலே எனக்குப் பயமா இருக்கு."

7

இப்போது ஞாயிற்றுக்கிழமை. முடிவுக்கோட்டில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். இனி நடப்பதை மட்டும் சொல்வேன்.

முதல் கூட்டம் வந்துவிட்டது. இரண்டாவது கூட்டமும் வந்துவிட்டது. அதில்தான் பல் டாக்டர் இருந்தார், அவர் கிளப்பின் மற்ற எல்லோரும் இருந்தார்கள். நெட்டை இல்லை. டாக்டர் நடைபாதையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆட்டுனான்ப்பா."

"என்ன சார்?"

"கைய ஆட்டுனான். இன்னைக்குத்தான் முதல் தடவையா. அவன் பின்னாடி நேரா நான்தான் இருந்தேன். இவன்தான் ஆட்ட மாட்டானே... ஏதோ பூச்சிய விரட்டுறான்னு நினைச்சுட்டேன்." ஷூவைக் கீழே வைத்தார். "ரெண்டாவது வாட்டி ஆட்டினப்பத்தான் புரிஞ்சுது. நான் போறதுக்குள்ள மேடு வந்துருச்சு. அவன் கால் விட்டுருச்சு."

"அப்ப நீங்க நிக்கலையா?"

"ரேஸ்ல யாருப்பா நிப்பா?" என்றார். கீழே வைத்த ஷூவை மறுபடி எடுத்துக்கொண்டு, "நின்னிருக்கலாம்," என்றார்.

பாதியில் விட்டவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன் இன்னும் வரவில்லை. அப்படியென்றால் அவன் அதில் ஏறவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஏறிவிட்டதால்தான் தாமதம் என்றும் வைத்துக்கொள்ளலாம். சாலையில் கூட்டம் கலைந்துவிட்டது. கழுத்தில் விசில் மாட்டியிருந்த ரேஸ் அதிகாரி, முடிவுக்கோட்டுப் பேனரைத் தாங்கும் இந்தப் பக்கத்துக் கம்பின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க சார், இன்னும் ஒருத்தன் வரணும்."

"எல்லாம் வந்தாச்சு தம்பி. இதக் கழட்டிட்டா ரேஸ் முடிஞ்சுது. அப்புறம் வந்தா கணக்குல சேராது."

"அஞ்சு நிமிஷம் சார்."

"எனக்கும் வீடு வாசல் இருக்கு தம்பி," என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கக் கம்புக்குப் போகிறார்.

இந்தப் பக்கத்துக் கம்பை நான் பிடித்துக்கொண்டேன். கனமில்லை, ஆனால் காற்றில் துணி புடைத்து என்னையே இழுக்கிறது. பெட்ரோல் பங்க் திருப்பத்தில் உயரமாக ஏதோ தெரிகிறது. சைக்கிளா, நடந்து வருகிற ஆளா, அவனா, வேறு யாராவதா... தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். முன்னாடியே சொல்லாதே என்று சொல்லியிருக்கிறான்.

எனக்கு ஒரு கையில் போன், ஒரு கையில் கம்பு. அதிகாரி அந்தப் பக்கத்துக் கயிற்றில் கை வைத்துவிட்டார். அங்கே ஆள் இல்லை. நீங்கள் இவ்வளவு நேரமும் சும்மா நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? கொஞ்சம் வந்து அந்தக் கம்பைப் பிடியுங்களேன்.