பன்னிரண்டு கோடுகள்

அஞ்சம்மாள் இரண்டாம் நாளே திரும்பி வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான்கு நாள் மருந்து கொடுத்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் கடம்பத்தூர் ஸ்டேஷன் எதிரே ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். நோயாளிகளிடம் சிடுசிடுப்பது என் வழக்கம்.

"மருந்து தீந்துபோச்சு சார்" என்றாள்.

"குடிச்சாரா, கொட்டினியா?"

"ஒரு சொட்டு கொட்டல. வேளாவேளைக்கு நான்தான் குடுக்கறேன்."

அவள் மாமனார் அருணாச்சலத்துக்கு இதயம் பலவீனம். ஒரு மாதமாக டிஜிட்டாலிஸ் மிக்சர் சாப்பிடுகிறார். அளவாகக் கொடுத்தால் இதயத்தைத் தாங்கும், கூடினால் நிறுத்தியே விடும். புருஷன் மணவாளன் விடிகாலை ரயிலில் பெரம்பூர் வேலைக்குப் போய்விடுவான். கிழவருக்கு எல்லாம் இவள்தான்.

"இப்ப எப்படி கீறாரு?"

"நேத்திலேர்ந்து வாந்தி. சோத்த போட்டா, மஞ்சத்தூள் ஏம்மா போட்டேன்னு சண்டைக்கு வர்றாரு. வெறும் வெள்ளச் சோறு சார். ஒரே பேஜாரா கீது."

அந்த மருந்து உடம்பில் மிஞ்சினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும்.

"பாட்டில எடு."

எடுத்து வைத்தாள். நான் கொடுத்த பாட்டில் இல்லை அது, அதே உயரத்தில் இரண்டு மடங்கு மருந்து கொள்ளும் அகலப் பாட்டில். அதன் பக்கவாட்டில் என் காகிதப் பட்டை மட்டும் ஒட்டியிருந்தது. வேளைக்கு ஒரு கோடு வெட்டி நாங்கள் பாட்டிலில் ஒட்டித் தருவது அது. மருந்து ஒரு கோடு இறங்கினால் ஒரு வேளை. நாளைக்கு மூன்று வேளையாக நான்கு நாளுக்கு நான் வெட்டியது பன்னிரண்டு கோடு. இதில் ஆறுதான் இருந்தது.

"அடுத்த ஸ்டேஷன்ல ரயில்லேர்ந்து எறங்கச்சே இடிச்சு பாட்டில் அடி விரிசல் உட்டுது. ஊட்டுல இருந்த பாட்டில்ல மாத்தினேன். காயிதத்த நனைச்சு எடுத்து, மருந்து மட்டத்துக்கு மேல்கோட்ட வச்சு ஒட்டினேன். அடியில மிஞ்சினத வெட்டிட்டேன்."

"உனக்கு மூள கீதா? அகலப் பாட்டில்ல ஒரு கோடுன்னா ரெண்டு வேளை மருந்து எறங்கும்."

அவள் என்னையே பார்த்தாள்.

"மொத நாளு எத்தினி ஸ்பூனுன்னு கேட்டேன் சார். காயிதத்துக் கோட்ட பாரு, வேற எதையும் பாக்காதேன்னு கத்தினீங்க. அதத்தான் செஞ்சேன்."

கத்தியது உண்மை. வரிசையில் நின்றவர்களுக்கும் நினைவிருந்திருக்கும்.

டாக்டர் சைக்கிளில் கிளம்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் கேரியரில் நானும் போனேன். மருந்தை நிறுத்தச் சொன்னார். மூன்று நாள் கிழவரின் நாடி விட்டு விட்டுத்தான் அடித்தது. மூன்று நாளும் போய்ப் பார்த்தோம். மூன்றாம் நாள் வேலைக்குப் போகாமல் இருந்த மணவாளன், அக்கம்பக்கத்தார் எதிரிலேயே அவளிடம், "எங்கப்பன கொல்லப் பாத்தியா?" என்று கேட்டான்.

"அந்தப் பொண்ண சொல்லாதப்பா, தப்பு என்னுது" என்றேன். சொல்ல எனக்கு மூன்று நாள் ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள் கிழவர் வெள்ளைச் சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து, குறைந்த அளவில் மருந்தை மறுபடி எழுதினார் டாக்டர். அஞ்சம்மாள் புதுப் பாட்டிலோடு வந்தாள். காகிதத்தை வெட்டி ஒட்டி, கூடவே ஓர் அவுன்ஸ் கிளாசும் கொடுத்தேன்.

"இதுல அளந்து குடு. ஒரு வேளைக்கு ஒரு அவுன்சு."

அவள் கிளம்பவில்லை. மருந்து ஊற்றுவதற்கு முன் காலிப் பாட்டிலை வாங்கி, பானைத் தண்ணீரைக் கிளாசில் அளந்து அதில் ஊற்றினாள். ஒவ்வோர் அவுன்சுக்கும் குனிந்து என் கோட்டைச் சரிபார்த்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பன்னிரண்டு முடியும்வரை நான் மிக்சர் ஜாடியோடு காத்து நின்றேன்.

தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாட்டிலை நீட்டினாள்.

"சரியாதான் வெட்டிக்கீறீங்க. ஊத்துங்க" என்றாள்.