செப்பு வளையத்தின் சாட்சி

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஜனக்புரி குடியிருப்போர் சங்க அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சங்கச் செயலாளர் பாட்டியா. ஏ.சி. குழாயைப் பறிகொடுத்த இரண்டாம் மாடி அரோரா. மத்திய அரசில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற வாசுதேவன். வர வேண்டாம் என்று அவர் சொல்லியும் வந்து உட்கார்ந்துவிட்ட அவர் மனைவி மங்களம். மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் கதவோரமாகவே நின்ற ஏ.சி. மெக்கானிக் கருப்பசாமி. வராதவள் ஒருத்திதான், வாசுதேவனின் மருமகள் மது. கூட்டமோ அவளைப் பற்றியது. அவளுக்கு குருகிராம் அலுவலகத்தில் காலாண்டு முடிவு வேலை.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அரோரா குடும்பம் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிற்று. இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் பால்கனியில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி மட்டும் இருக்கிறது, குழாயை யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். புதன்கிழமை காலை நடைக்குப் போன அரோரா, பூங்காவில் மது ஒரு செப்புக் குழாய் வளையத்தை முக்காலியில் மாட்டிவைத்து, காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். அந்தக் குழாயைக் கொண்டுவந்தது யார் என்று விசாரித்ததில் கருப்பசாமி என்று தெரிந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பையோடு உள்ளே வந்தவன் ஒரு மணிக்கு வெளியே போனான் என்று வாயிற்காவலரும் சொல்லிவிட்டார்.

"மருமகள் மேல யாருக்கும் சந்தேகம் இல்லை, வாசுதேவன் ஜி" என்றார் பாட்டியா ஹிந்தியில். "சின்னப் பொண்ணு. எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாம வாங்கியிருக்கலாம், இல்லையா?"

"தெரியாமல் வாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை" என்றார் வாசுதேவன். அவருடைய ஹிந்தி கோப்புகளில் கற்ற ஹிந்தி. கோபத்தில் கூட வினைச்சொல் கடைசியில்தான் வரும்.

அவருக்கு எரிச்சல் மூன்று பக்கத்திலிருந்தும் வந்தது. அரோராவின் மேல் எரிச்சல். பிள்ளை ப்ரசன்னா மாதக்கணக்கில் பெங்களூருவில் இருக்கிற நேரம் பார்த்து இப்படி ஒரு பேச்சு வந்ததில் எரிச்சல். எல்லாவற்றையும் விட, படித்த பெண், கை நிறையச் சம்பளம் வாங்குகிற பெண், பூங்காவில் குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருப்பதில் எரிச்சல். ஆனால் அது வீட்டுக்குள் படவேண்டிய எரிச்சல். சங்க அறையில் அதற்கு இடம் இல்லை.

"அந்த வளையம் வானொலிக்கான ஆன்டெனா. என் மருமகள் வைத்திருப்பது அமெச்சூர் வானொலி உரிமம். மத்திய அரசு பரீட்சை வைத்துக் கொடுத்தது" என்று தொடங்கி, மதுவின் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த நீல நோட்டை மேசையில் பிரித்தார். யாரோடு எத்தனை மணிக்குத் தொடர்பு கிடைத்தது என்று அவள் வரிசையாக எழுதிவைக்கும் நோட்டு அது. "இதோ ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு பதினான்கு, தாய்லாந்து. பன்னிரண்டு முப்பத்தொன்று, ரஷ்யா. கடைசியாக ஒன்று ஆறு, ஜப்பான். பக்கத்திலேயே 'புது செப்பு வளையம்' என்று எழுதியிருக்கிறாள். அரோரா ஜி, நீங்கள் பன்னிரண்டு மணிக்குத்தான் வீட்டைப் பூட்டினீர்கள். உங்கள் சுவரில் இருந்த குழாய் பதினாலே நிமிடத்தில் வளையமாகி, பூங்காவுக்குப் போய், தாய்லாந்தோடும் பேசிவிட்டதா?"

பாட்டியா சிரித்துவிட்டார். அரோராவுக்கும் வேறு வழியில்லை, எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வாசுதேவன் அதோடு விடவில்லை. சங்கப் பதிவேட்டில் இதை எழுத வேண்டும் என்றார். எழுதினார்கள். அவரே இரண்டு முறை படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார். கருப்பசாமி கதவோரத்திலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாட்டியாவின் பையன் அதற்குள் லட்டுத் தட்டோடு வந்துவிட்டான்.

எட்டு மணிக்கு மது வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் மங்களம் கதையை முழுசாகச் சொல்லிவிட்டாள், லட்டு உட்பட.

மது கைப்பையைக் கீழே வைக்காமலே நின்றாள். "அப்பா, எந்த நேரம் சொன்னேள்?"

"பன்னெண்டு பதினாலு. நீதானே எழுதியிருக்கே?"

"அது நம்ம நேரம் இல்லப்பா. உலகப் பொது நேரம். அதோட அஞ்சரை மணி கூட்டணும். நான் அன்னிக்குப் பார்க்குக்குப் போனதே சாயங்காலம் அஞ்சரைக்கு மேலதான்."

வாசுதேவன் நோட்டைப் புரட்டினார். முதல் பக்கத்தில் மட்டும், மேலே ஓரத்தில், சின்னதாக மூன்று எழுத்து: UTC. மற்ற எந்தப் பக்கத்திலும் இல்லை.

"டெல்லியில உக்காந்துண்டு எதுக்கு ஊரான் நேரத்துல எழுதறே?"

"எதிர்ப்பக்கம் ஜப்பான்ல இருக்கறவரும் அதையேதான் எழுதுவார். ரெண்டு பேர் நோட்டும் ஒத்துப்போகணுமே. உலகம் முழுக்க எல்லாரும் அப்படித்தான்பா."

"அப்போ அந்தப் பன்னெண்டு மணிக்கு நீ எங்கே இருந்தே?"

"இங்கேதான். நீங்க ரெண்டு பேரும் மோதி பாக் விசேஷத்துக்குப் போயிருந்தேளே, அப்போ நானும் கருப்பசாமியும் பால்கனியில குழாயை வளைச்சிண்டிருந்தோம்."

ஆக, நோட்டு எதையும் நிரூபிக்கவில்லை. அரோரா வீட்டுக் குழாய் காணாமல் போன அதே நேரத்தில் இந்த வீட்டுப் பால்கனியில் ஒரு குழாய் வளைந்துகொண்டிருந்தது என்றுதான் ஆகிறது. அதற்கு எதிர்மாறாகச் சங்கப் பதிவேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது, அடியில் வாசுதேவனின் கையெழுத்தோடு.

"நாளைக்குக் காலம்பற போய்ச் சொல்லணும்" என்றார்.

"ஏன்னா, அவாளே சமாதானமாப் போயிட்டா. நீங்களா போய் எதுக்குக் கிளறணும்?" என்றாள் மங்களம்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன், மங்களம்."

"கையெழுத்துத்தானே. சொத்தா எழுதிக் குடுத்தேள்? இவ பேர் கெடும். அந்தக் கருப்பசாமியைப் போலீஸ்ல குடுப்பா. உங்க கையெழுத்து மட்டும் சுத்தமா இருந்துட்டாப் போறுமா?"

  வாசுதேவன் எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டுப் படுத்தார்.

காலையில் மது பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். "நானும் வரேன். எதைப் பத்திக் கையெழுத்துப் போட்டேன்னு கண்ணாலயாவது பார்க்கறேன்."

பூங்காவில் ஒரு வேப்பமரத்தடியில் அவள் முக்காலியை நிறுத்தினாள். ஒரு ஆள் கையை விரித்தால் உள்ளே அடங்கும் அளவுக்கு ஒரு செப்பு வளையம், அதற்குள் சின்னதாக இன்னொன்று, அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. கையகல வானொலிப் பெட்டி ஒன்று மடியில். மோர்ஸ் சங்கேதம் தட்டுகிற சின்ன விசை தொடையில் ஒரு பட்டையால் கட்டியிருந்தது. நடைக்கு வந்த ஒரு பஞ்சாபி அம்மாள் நின்று, இது யோகாவுக்கா என்று கேட்டாள். "ஆமாம் ஆண்ட்டி" என்றாள் மது.

"எதுக்குப் பொய் சொல்றே?"

"நெஜத்தைச் சொன்னா அரை மணி போயிடும்பா."

அவள் டப்பாவில் செருகியிருந்த நீளமான மரக்குச்சியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். பெட்டியிலிருந்து வந்த இரைச்சல் திடீரென்று பொங்கியது. வளையம் அலைவரிசையைப் பிடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். என்னவென்று பார்க்க வாசுதேவன் குனிந்தார். இரைச்சல் அடங்கிப்போயிற்று.

"அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ. கிட்ட வந்தா நகந்துடறது."

"நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை. இருக்கேள், அவ்வளவுதான்."

முப்பத்தாறு வருட சர்வீஸில் யாரும் அவரை இப்படிச் சொன்னதில்லை. இரண்டு கஜம் தள்ளிப்போய் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று மது ஹெட்ஃபோனைக் கழற்றி ஒலியைக் கூட்டினாள். தட்டினாள், நிறுத்திக் கேட்டாள், மறுபடி தட்டினாள். சிரிப்பு மன்றத்துக் கிழவர்கள் அந்தப் பக்கம் கையைத் தூக்கி ஹாஹாவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. வாசுதேவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது இரைச்சலுக்கு அடியிலிருந்து, கொசுவின் ரீங்காரம் விட்டுவிட்டுக் கேட்பது போல ஒன்று வந்தது. மது நிமிர்ந்தாள். பென்சில் ஓடிற்று. வளையத்தை ஒரு விரல்கடை திருப்பினாள், இரைச்சல் குறைந்து கொசு தெளிந்தது. அவள் முகத்தில் வந்த சிவப்பை, கல்யாணத்தன்று கூட அவர் பார்த்ததில்லை.

"அல்மாட்டிப்பா! கஜகஸ்தான்! எனக்கு முன்னூத்துப் பத்தொம்பது குடுத்தார்."

"ஆயிரத்துக்கா?"

"இல்லே. மூணுன்னா, ரொம்பக் கஷ்டப்பட்டாத்தான் புரியறதுன்னு அர்த்தம். ஒண்ணுன்னா, காதுல விழறதும் விழாததும் ஒண்ணுதான். ஒம்பது, ஒலி மட்டும் சுத்தமா இருக்கு."

"இதுக்கா இவ்வளவு சிரிப்பு?"

"அஞ்சு வாட்டுப்பா. நம்மாத்து ஸ்வாமி ரூம் பல்பு. அது இத்தனை மலையையும் தாண்டிப் போய் ஒரு மனுஷர் காதுல விழுந்திருக்கு. நானே வளைச்ச குழாய்லேர்ந்து." நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். "முக்காவாசிப் பேர் மரியாதைக்கு முழு மார்க், அஞ்சு ஒம்பது ஒம்பதுன்னு போட்டுடுவா. இவர் உள்ளதைச் சொல்லிட்டார்."

அவள் எழுதிய நேரத்தை எட்டிப் பார்த்தார். ஒன்று இருபத்திரண்டு. அவர் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்திரண்டு. கணக்கு சரியாக இருந்தது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் முகம் தெரியாத அந்த அல்மாட்டிக்காரரை அவருக்குப் பிடித்துப்போயிற்று. மரியாதைக்காகப் பொய் சொல்லாத ஆள்.

"கருப்பசாமிக்கு ஃபோன் போடு. பதினோரு மணிக்குச் சங்கத்துக்கு வரச் சொல்லு. நீயும் வரணும்" என்றார்.

பதினோரு மணிக்கு அவர் உட்காரவில்லை. நின்றபடியே, நேற்றுத் தான் காட்டிய ஆதாரம் தவறு, அந்த நேரங்களோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும், வளையம் பூங்காவுக்குப் போனது மாலையில் என்று மூன்று வாக்கியங்களில் சொன்னார்.

"அரே, விடுங்க ஜி" என்றார் பாட்டியா. "ரெஜிஸ்டரை மூடியாச்சு."

"நான் திறக்கச் சொல்கிறேன்."

அரோரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதாவது, குழாய் என்னுதாவும் இருக்கலாம்னு இப்போ நீங்களே சொல்றீங்க. அச்சா. அப்போ இவனைப் போலீஸ் கேக்கட்டும்."

கருப்பசாமியின் முகம் சுண்டிப்போயிற்று. அப்போதுதான் வாசுதேவனுக்கு உறைத்தது. இரண்டு கூட்டம் நடந்தும் கதவோரம் நிற்கிற அந்த ஆளிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை.

"கருப்பசாமி, நீ சொல்லு. அந்தக் குழாய் எங்கேர்ந்து வந்தது?"

"துவாரகாவுல ஒரு வீட்டுல ஃபிட்டிங் போட்டு மிஞ்சினது சார். அந்த வீட்டம்மாவே எடுத்துக்கச் சொன்னாங்க." நன்றாக ஹிந்தி பேசுகிறவன், இப்போது தமிழிலேயே, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அது கெடக்கட்டும் சார். இவரு வீட்டுல இருந்தது காப்பரே இல்லீங்களே. அலுமினியம். ரெண்டு வருஷம் முன்னால நாந்தான் மாட்டினேன். மேல கறுப்புப் பஞ்சு சுத்தியிருக்கறதால தெரியாது. இவரு எல்லார்கிட்டயும் காப்பர்னு சொல்லிவெச்சிருக்காரு. அவரு முன்னாடி எப்படி சார் சொல்றது?"

"நேத்தே ஏன் சொல்லலை?"

"நீங்க பேசிட்டிருந்தீங்களே சார்."

மது தரையைப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கண்டுகொள்ளவில்லை. மெக்கானிக் சொன்னதை ஹிந்தியில் அப்படியே சொன்னார். அரோரா குதித்தார். பாட்டியா, மேலே போய்ப் பார்த்துவிடுவோம் என்றார்.

பால்கனியில் வெளிப்பெட்டியோடு ஒட்டி, அறுத்ததில் மிஞ்சிய ஒரு சாண் குழாய் இருந்தது. கருப்பசாமி பஞ்சைக் கிழித்தான். வாசுதேவன் தம் வீட்டுச் சாவியால் சுரண்டினார். வெள்ளையாகப் பளபளத்தது. மது கொண்டுவந்திருந்த வளையத்தின் அடியிலும் சுரண்டினார். சிவப்பு.

"கான்ட்ராக்டர் என்னை ஏமாத்திட்டான்!" என்றார் அரோரா.

கருப்பசாமி ஆகாயத்தைப் பார்த்தான். மலிவாக அலுமினியம் போடச் சொன்னதே அரோராதான் என்று அந்தப் பார்வையிலேயே வாசுதேவனுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் மேலே கேட்கவில்லை. அடுத்த வீட்டு மானம் அவருடைய விசாரணைக்கு உட்பட்டதல்ல. அரோராவின் குழாயை எடுத்தவன் எவன் என்பது இன்றுவரை தெரியவில்லை. எடைக்குப் போடப் போனபோது அவனுக்கும் அது அலுமினியம் என்று தெரிந்திருக்கும்.

கீழே வந்ததும் பாட்டியா பழைய பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றார். வாசுதேவன் சம்மதிக்கவில்லை. ஒரு முழுத் தாளில் தம் கைப்பட எழுதி, நேற்றைய பக்கத்தோடு சேர்த்துக் குத்திவைக்கச் சொன்னார். கருப்பசாமிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்கார்ந்த பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

வாசுதேவன் வீட்டு மருமகள் சங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்ததாகப் பால் பூத் வரிசையில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. மது எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கடிதம் வாசுதேவனுடையது. அது மன்னிப்புக் கடிதமும் அல்ல. திருத்தம்.