வலியே தெரியாத ஆபரேஷன்

சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலை வைத்திருக்கும் மருத்துவமனை இணையதளத்தில் ஓட்டை தேடுவதுதான் சோதனைக்காரனுக்கு அந்த வார வேலை. பட்டியலில் முதல் ஆள் அவனுடைய அக்கா. ஆகவே கூடுதல் அக்கறையோடு, அதாவது மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, வேலை பார்த்தான்.

“சோதனைக்குத் தனியா ஒரு காப்பி இல்லையா சார்?”

“அதுக்கெல்லாம் டைம் ஏதுப்பா? ஓடுற சைட்லயே பாரு. பதமா பாரு,” என்றார் டீம் லீடர்.

‘ஆபரேஷன் முடிந்தது’ என்று டாக்டர்கள் நிரப்பும் படிவத்தில், நோயாளி எண் கேட்கும் பெட்டியில், ஹேக்கர்கள் செய்வதுபோல், எண்ணுக்குப் பதில் ஒரு மேற்கோள் குறியும் ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்’ என்ற நிபந்தனையும் தட்டினான். ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தானே. தளம் அதைக் கட்டளையென்று நம்பி ஏமாந்தால் எல்லா நோயாளிகளுக்கும் ‘முடிந்தது’ என்று போட்டுவிடும். ஏமாறவில்லை. ‘பதிவானது, நன்றி’ என்று சமர்த்தாக வாங்கி வைத்துக்கொண்டது. அறிக்கையில் ‘ஊடுருவல் ஓட்டை: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

வாங்கி வைத்ததைப் பிறகு எந்தப் புரோகிராம் எடுத்துப் படிக்கும் என்று அவன் கேட்கவில்லை. சோதனைப் பதிவை அழிக்கவும் இல்லை. அதற்குச் சோதனைத் தாளில் கட்டம் கிடையாது; கட்டம் இல்லாத வேலையை அந்த அலுவலகத்தில் யாரும் செய்ததில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கு, வாரம் ஒருமுறை பட்டியலைச் சுத்தம் செய்யும் புரோகிராம் கண்விழித்தது. சேமித்த படிவங்களை, சொந்த வீட்டுப் பிள்ளையை நம்புவதுபோல் நம்பி, அப்படியே நிறைவேற்றியது. ஒன்றும் ஒன்றும் சமம்தானே; பட்டியலில் இருந்த இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் ஆபரேஷன் முடிந்தது.

ஏழரைக்கு ஐஸ் பெட்டியில் ஒரு சிறுநீரகம் வந்து சேர்ந்தது. பட்டியலில் காத்திருப்போர் ஒருவரும் இல்லை. விதிப்படி ஐஸ் பெட்டி வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது.

ஒன்பது மணிக்கு டீம் லீடர் போன் போட்டு எல்லாம் சொன்னார். “எவனோ உள்ள புகுந்துட்டான்ப்பா. ஒன்னும் ஒன்னும் சமம்னு எழுதி வெச்சிருக்கான், படுபாவி.”

அவன் போய்ச் சேர்ந்தபோது, டயாலிசிஸ் வார்டில் அக்கா படுத்தபடியே தன் போனை நீட்டினாள். மருத்துவமனை அனுப்பிய செய்தி: ‘தங்கள் அறுவை சிகிச்சை இனிதே நிறைவுற்றது. நலம் பெற வாழ்த்துகள்.’

“எனக்கு ஆபரேஷன் முடிஞ்சிருச்சாம்டா. வலியே தெரியல!”

“அக்கா…”

“எந்தத் தூங்குமூஞ்சி பார்த்த வேலையோ. உன்ன மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா விட்டிருப்பானா?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த எவனோ தான்தான் என்று அவன் சொன்னான். ஐஸ் பெட்டி போனதையும் சேர்த்து.

அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஊசியும் குழாயும் அந்தக் கையில்தான் இருந்தன. இன்னும் மூன்று மணி நேரத்துக்கு அதை அசைக்கக் கூடாது.