வெறும் திரை

மூளை எப்படிப் பார்க்கிறது என்று கணினியை வைத்துத் துருவும் அந்தப் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் கட்டுரை எழுதினாலும், அது வெளியே போகும் முன் கூட இருப்பவர் ஒருவர் மூளை அலைகளைப் பதியும் தொப்பியை மாட்டிக்கொண்டு, படமே இல்லாத சாம்பல் திரை முன்னால் உட்கார வேண்டும். கணினி அப்போது கண்டபடி உளற வேண்டும். உளறினால் கட்டுரைக்காரர் இனிப்பு வாங்கித் தருவார். கணினி முட்டாளானதற்கு இனிப்புத் தின்கிறவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

இந்த முறை கட்டுரை தார்வாட்காரி மேதினியுடையது. தன் ஊர் இனிப்பான பேடாவை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டாள். ஒருவர் பார்ப்பது முகமா, பொருளா என்று மூளை அலையை மட்டும் வைத்து அவளுடைய கணினி நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகச் சொன்னது. வழிகாட்டியவன் சுமுகா. பட்டம் வாங்கிய பிறகும் அங்கேயே ஆராய்ச்சி செய்கிற புத்தூர்க்காரன். இதே முறையில் அவன் முன்பு எழுதிய கட்டுரைக்கு ஏகப்பட்ட புகழ். அதை நம்பித்தான் மைசூரில் பேராசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெறும் திரை வழக்கம் அந்தக் கட்டுரைக்குப் பிறகு வந்தது, கொண்டுவந்ததும் அவன்தான்.

அன்று தொப்பியை மாட்டிக்கொண்டவனும் அவனே. அலை சரியாகப் பதியத் தலையில் ஊற்றும் ஜெல்லை, முடி அடர்த்தி என்று மேதினி தாராளமாகவே ஊற்றினாள்.

"போதும் மாராய்த்தி. அபிஷேகம் முடிஞ்சா பிரசாதத்தைக் குடு" என்றான். அவன் ஊரில் பெண்களைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவனை உள்ளறையில் விட்டுவிட்டு அவள் வெளியே கணினி முன் உட்கார்ந்தாள். முகம், முகம், முகம் என்று கணினி சொல்லிக்கொண்டே போனது. பாதி நேரம் கழிந்ததும் பொருள், பொருள், பொருள் என்று ஆரம்பித்தது. அவன் முன்னால் இருந்த திரையில் ஒரு ஈ கூட இல்லை.

மேதினி தான் படங்கள் காட்டிய வரிசையைத் திறந்து பார்த்தாள். பார்க்கிறவர்கள் குழம்பக்கூடாது என்று அவள் முகங்களை எல்லாம் முதல் பாதியிலும் பொருள்களைப் பின்பாதியிலும் காட்டியிருந்தாள். சுமுகா செய்ததும் அப்படித்தான். நேரம் போகப் போக ஜெல் காயும், அலையின் வடிவம் மாறும். இத்தனை நாளும் கணினி படித்தது மூளையை அல்ல, ஜெல் காய்வதை.

"என்ன சொல்லுது?" என்று உள்ளிருந்து கேட்டான்.

நேர்காணல் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் இவனிடம் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"சரியாச் சொல்லுதுண்ணா. ஒண்ணுமே காட்டாம முதல் பாதி முகம், பின்பாதி பொருள்னு சரியாச் சொல்லுது."

தொப்பியோடு எழுந்து வந்து அவளுடைய கணினித் திரையைப் பார்த்தான். விளக்கம் தேவைப்படவில்லை. "ஜெல்லு" என்றான். தொப்பியைக் கழற்றியபடி, "அப்போ என்னோடதும் போச்சு."

நேர்காணல்வரை யாருக்கும் தெரியாது என்று அவள் முணுமுணுத்தாள்.

"எனக்குத் தெரியுமே, மாராய்த்தி."

தலையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினான், மைசூருக்கும் எழுதினான். கூடத்தின் தலைவி ஹெப்பார் மேடம் அதைப் படித்தார், ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. போய்த் தலைக்குக் குளிக்கச் சொன்னார், அவ்வளவுதான். வர வேண்டாம் என்று மைசூரிலிருந்து பதில் வந்தபோது அழுதது மேதினிதான், அவன் இல்லை.

படங்களை மாற்றி மாற்றிக் கலந்து முதலிலிருந்து செய்தார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மாறி மாறித் தலை கொடுத்தார்கள். இந்த முறை நூற்றுக்கு அறுபதுதான் தேறியது, குருட்டாம்போக்கில் சொன்னால் வரும் ஐம்பதைவிடப் பத்துதான் கூட. ஆனால் வெறும் திரையின் முன் கணினி அழகாக உளறியது. பழைய பேடா கெட்டுப்போயிருந்தது, புதிதாக வாங்கினாள்.

அடுத்த வருடம் ஹைதராபாத் மாநாட்டில் அவள் அந்த அறுபதைப் பற்றிப் பேசி முடித்தாள். முன்வரிசையில் ஒருவர் மைக்கை வாங்கி, நமட்டுச் சிரிப்போடு கேட்டார்.

"அந்தத் தப்புக் கட்டுரை உங்க லேப்லேருந்து வந்ததுதானே?"

"ஆமா சார். அது தப்புன்னு உங்களுக்குச் சொன்னதும் எங்க லேப்தான். எழுதினவரே சொன்னாரு. கடைசி வரிசையில உக்காந்திருக்காரு, பாருங்க."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. தன் கட்டுரை ஏற்கப்பட்ட அன்றுகூட மேதினிக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. சுமுகா கூச்சத்தோடு தலையைத் தடவிக்கொண்டான், இன்னும் ஜெல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவனைப் போல.