நடுவில் ஏறிய சூடு

மாமியார் ராமுத்தாய் கடமலைக்குண்டிலிருந்து பஸ் மாறிச் சின்னமனூர் வந்து இறங்கியது ஒரே ஒரு கேள்விக்காக. மாப்பிள்ளையின் படிப்பு முடிந்ததா, இல்லையா?

ஈஸ்வரபாண்டிக்கே அது தெரியவில்லை. குஜராத்தில் இருக்கும் அவனுடைய பேராசிரியரும் காலையில் போன் செய்து ஏறக்குறைய அதையேதான் கேட்டிருந்தார்.

அவன் மனைவி யுவராணி உயிரோடு இருந்தபோது தன் அம்மா ராமுத்தாயிடம் சொல்லியிருக்கிறாள்: அவர் ஆராய்ச்சி முடிந்தால் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று. புருஷனிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் டெங்கு வந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்ட அன்று போய்விட்டாள்.

இப்போது சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. படிப்பு முடிந்திருந்தால் மகள் நேர்ந்த சட்டியைத் தாய் எடுத்தாக வேண்டும். துக்கம் நடந்து வருசம் திரும்பாமல் எடுக்கலாமா என்பது அடுத்த குழப்பம். கட்டிக்கொடுத்த பெண், துக்கம் புருஷன் வீட்டுக்குத்தான், நாம் எடுக்கலாம் என்கிறாராம் மாமனார். பங்காளிகள் கூடாது என்கிறார்களாம். யுவராணி இப்போது எந்த வீட்டுப் பெண் என்று அவனைக் கேட்டிருந்தால் அவனாலும் சொல்லியிருக்க முடியாது.

காபி போட்டுக் கொடுத்தான். சீனி போட மறந்திருந்தான். ராமுத்தாய் அப்படியே குடித்து முடித்தாள்.

"அப்படி என்னதான் மாப்ள அளக்குறீக?"

சொன்னான். வளையம் போல ஒரு பெரிய இரும்புக் கலம். அதற்குள் பிளாஸ்மா என்னும் கொதிக்கும் வாயு, சுவரைத் தொடாதபடி காந்தத்தால் கட்டிப்போட்டது. அதிலுள்ள எலக்ட்ரான்களின் சூடு நடுவிலிருந்து விளிம்புக்கு எவ்வளவு வேகத்தில் கசிகிறது என்று பார்ப்பது அவன் வேலை. உள்ளே எந்தக் கருவியையும் விட முடியாது, உருகிவிடும். எலக்ட்ரான்கள் சுழலும்போது விடும் நுண்ணலையை வெளியே பிடித்துச் சூட்டைக் கணக்கிட வேண்டும். நடுவிலிருந்து வரும் அலையைப் பிடிக்க ஒரு சேனல், விளிம்புக்கு ஒன்று, இடையில் வரிசையாகப் பல.

"எங்க வீட்டுக்காரக மூஞ்சியப் பாத்தே சூடு என்னன்னு நாஞ் சொல்லிருவேன். அது மாதிரியாக்கும்."

"அது மாதிரிதான் அத்தை."

சிக்கலையும் சொன்னான். விளிம்பில் துளி அலுமினியத்தைத் தூவிக் குளிர வைத்தார்கள். அந்தக் குளிர் மெல்ல உள்ளே போய்ச் சேரும், அது போகும் வேகத்திலிருந்து கணக்கு வரும் என்பது ஏற்பாடு. விளிம்பு குளிர்ந்த அதே நொடியில் நடு சூடேறியது. எல்லா முறையும் அல்ல, சில முறை. மற்ற நாடுகளிலும் இப்படிக் கண்டவர்கள் உண்டு. காரணம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேராசிரியருக்குச் சந்தேகம் வேறு. கேபிள் மாறிச் சேனல்கள் இடம் மாறிவிட்டனவா? மாறியிருந்தால் ஆய்வேடு போச்சு. இல்லையென்றால் அனுப்பிவிடலாம். சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்.

ராமுத்தாய் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். அவன் லேப்டாப்பைத் திறந்தான். அலுமினியம் தூவுவதற்கு முந்தைய பதிவுகளைப் பார்த்தான். நடுவில் சூடு மெல்ல ஏறிச் சட்டென்று விழும். விழுந்த சூடு சற்றுத் தள்ளி வெளியே வந்து அங்கே ஏறும். கோடு ரம்பப் பல் போல இருக்கும். நடு எது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். முதல் சேனல் விழுந்தது. தள்ளியிருந்த சேனல் ஏறியது. வேறு நாளின் பதிவிலும் அப்படியே. சேனல்கள் அதனதன் இடத்தில்தான் இருந்தன.

சந்தோஷம் வருமா என்று பார்த்தான். வரவில்லை. படிப்பு முடிந்தால் யுவராணி சொன்ன சொல்லும் முடிந்துவிடும். அவளுடையது என்று இனிமேல் நடக்க மிச்சமிருப்பது அது ஒன்றுதான். கேபிள் மாறியே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

சேனல்கள் சரி, காரணம் தெரியவில்லை என்று பேராசிரியருக்கு எழுதினான். உடனே பதில் வந்தது. காரணத்தை யாராவது தேடட்டும், நீ அனுப்பு.

"முடிஞ்சிருச்சு அத்தை."

ராமுத்தாய் அவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "நடு ஏன் சூடேறுச்சுனு கண்டுபிடிச்சிட்டீகளா?"

"இல்ல. அளந்தது சரி. அது போதும்னு சார் சொல்லிட்டாரு."

"அவுக சொல்லுவாக. ஏன்னே தெரியலங்கிறீக, அப்புறம் எங்கன முடிஞ்சிச்சு? எம்மக முடிஞ்சாத்தான்னு சொன்னா."

ஆராய்ச்சியில் முடிவது அப்படித்தான், பட்டம் கொடுத்துவிடுவார்கள், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம் என்று அவன் விளக்கினான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"போட்டுக்கங்க மாப்ள. சட்டிய அடுத்த சித்திரைக்குப் பாப்போம்."

பங்காளிகளுக்குப் பயந்து சொல்கிறாளா, அவனைப் போலவே அந்தச் சொல்லை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாளா, புரியவில்லை. கேட்கவும் இல்லை. தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான்.

ஆய்வேட்டை அனுப்பினான். பிறகும் லேப்டாப்பை மூடவில்லை. விளிம்பு குளிர்ந்து நடு சூடேறிய கோட்டைத் திறந்து, காரணத்தைத் தேடத் தொடங்கினான். அது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறானா, கிடைத்துவிடக் கூடாது என்று நினைக்கிறானா, அவனுக்குத் தெரியவில்லை.